மாமரத்தடி மண்

1948, ஐப்பசி 4, புதன். திருவொற்றியூர்

காலையிலிருந்து தூறல். கடையில் சீனி மூட்டைக்கு அடியில் ஈரம். பலகை மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் இன்றும் வரவில்லை.

மத்தியானம் ஒருவன் வந்தான். பெயர் தங்கராசு, சாத்தான்குளம் பக்கம். ரங்கூன் கப்பலில் வந்தானாம். சண்டைக்குப் பயந்து நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த வயலை, பர்மாவில் பஸ்ஸீனுக்குத் தெற்கே, நேரில் பார்த்தானாம். "அண்ணாச்சி, அங்க சட்டம் மாறுது. வெளிதேசத்தான் நெலத்தை எடுத்து உழுறவனுக்குக் குடுக்கப் போறாவ. எம் பொண்டாட்டி பர்மாக்காரி. அவ பேருக்கு எழுதிட்டீயன்னா நெலம் தப்பிக்கும்."

என்ன அக்கறை. இவனுக்கு எதற்கு?

வியாழன்

மறுபடி வந்தான். கையில் பிஸ்கட் டின். உள்ளே ஒரு பிடி மண். வரப்பு மாமரத்தடியில் எடுத்ததாம். அங்கேதான் எங்கள் பிள்ளை முத்துவைப் புதைத்தோம். நாலு வயது, காய்ச்சல். இப்போது அங்கே உழுகிறவன் மரத்தைக் காட்டினான் என்கிறான். நம்பவில்லை. நேற்று என் பெண்டாட்டி செல்லம்தான் இவனிடம் உளறியிருப்பாள்.

அவள் மண்ணை வெண்கலக் கிண்ணத்தில் கொட்டி விளக்கு முன்னால் வைத்துவிட்டாள். "கையெழுத்துப் போட்டுருங்க. எவனோ வந்தா எம் புள்ள மேல ஏரு ஓட்டுவான்."

எனக்கு மட்டும் அவன் பிள்ளை இல்லையா.

வெள்ளி

மழை விட்டது. செல்லம் கோயிலுக்குப் போன நேரம் கிண்ணத்தை எடுத்தேன். நிலம் வாங்குமுன் மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம். அந்த வயலையும் அப்படித்தான் வாங்கினேன். உப்பே கிடையாது.

இது கரித்தது.

எண்ணூர் உப்பங்கழி மண். நெட்டுக்குப்பம் போய் அள்ளியிருக்கிறான் பயல். செத்த பிள்ளையை வைத்து ஏய்க்கப் பார்க்கிறான். சாக்கடையில் கொட்டினேன்.

வெறும் கிண்ணத்தைப் பார்த்தால் செல்லம் தாங்கமாட்டாள். முருங்கை அடியில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தேன். வித்தியாசம் தெரியாது.

சாயங்காலம் அவனை வாசலோடு போகச் சொன்னேன். "நாளைக்குக் கப்பல் அண்ணாச்சி. பொறவு ஒங்க இஷ்டம்." சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. அதுவே சந்தேகம்.

செல்லம் என்னோடு பேசவில்லை.

சனி

பலகை மாற்றியாயிற்று. மண்ணெண்ணெய் வந்தது. செல்லம் பேசவில்லை.

ஞாயிறு

காதர் பாய் பீடி வாங்க வந்தார். ரங்கூன் சரக்குக் கப்பலில் வேலை. பஸ்ஸீன் பக்கம் எப்படி என்று சும்மா கேட்டேன்.

"அங்கயா? சண்டையில கரையெல்லாம் ஒடஞ்சி பூட்சு நைனா. கட்டறதுக்கு ஆளு இல்ல. கடல்தண்ணி வயலுக்குள்ள பூந்து உப்பு பூத்துக்கினு கீது."

இவரையும் அவன்தான் அனுப்பினானோ? தங்கராசைத் தெரியுமா என்று இரண்டு தரம் கேட்டேன். "யாரு அது?" என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை.

கப்பல் நேற்றே போய்விட்டது. விலாசம் கூட வாங்கவில்லை.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்லம் கிண்ணத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நெலம் போனாப் போவுது. இந்த மண்ணாவது வந்து சேந்துச்சே."