பிரான்சுக்கு வழி மாறிய தேவ அழைத்தல்

காரைக்கால்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா சலோமி எழுதுவது. மாதா காவலில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி ஜெனிஷாவும் சுகம். அந்த ஒடிசா மலையில் நீயும் சுகமாய் இருப்பாய் என்றுதான் நம்புகிறேன், போனில் நீ அழுத அழுகையைக் கேட்டவர்கள் நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம். போனில் பேசினால் நடுவில் பாய்ந்து பிரசங்கம் ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

மறைபரப்புப் பணிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறாய் என்றதும் நம் கோயில் பங்கில் என்ன அமர்க்களம். பங்குப் பேரவை வில்சன் மாமா வைத்த பிளெக்ஸில் உன் படம் அந்தோணியார் படத்தைவிடப் பெரிசு. மைக்கைப் பிடித்து, "என்னை வெறுமையாக்கி ஏழைகளோட ஏழையா வாழப் போறேன்" என்று நீ சொன்னபோது அழாத ஆள் இல்லை, நானும் அழுதேன். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்துபோகிற பிள்ளை எதை வெறுமையாக்கப் போகிறது என்று அப்பா மட்டும் என் காதில் கேட்டார். பிளெக்ஸ் வீணாகவில்லை, மழைக்குத் தண்ணீர் மோட்டார்மேல் போர்த்தியிருக்கிறோம், நீ அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறாய்.

இப்போது உன் குறை என்னவென்றால், பிரசங்கம் பண்ண விடவில்லை, அந்த மலைச் சனங்களின் குயி பாஷை படிக்கச் சொல்லி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்கள், நீ பேசினால் அதுகள் சிரிக்கின்றன, தண்ணீர் சுமக்க வேண்டும், கக்கூஸ் கழுவுகிற முறை வேறு வருகிறது. "இங்க என் ஆன்மிக வளர்ச்சி தடைபடுதும்மா, ஆண்டவர் பிரான்ஸ்ல ஒரு கதவத் திறக்கிறாரு, சித்தப்பாகிட்ட பேசுங்க" என்றாய். மோசேயைப் பாலைவனத்துக்கு அனுப்பியவருக்கு உனக்கு மட்டும் பாரீஸ் பக்கம் கைகாட்டத் தோன்றியிருக்கிறது. சரி, பெற்ற கடனுக்கு, பிரான்சில் இருக்கிற என் தங்கை புருஷன் ஆந்துவானிடம் பேசினேன். அவர், "தாராளமா வரட்டுங்கக்கா, இங்க கோயிலுக்கு வர்றதே வயசானவங்கதான், படுக்கையில கெடக்கிறவங்களத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் தேடிக்கிட்டு இருக்கோம், ஆனா மொதல்ல பிரெஞ்சு படிக்கணும்" என்றார். ஆக அங்கேயும் பாஷை, அங்கேயும் கழுவுகிற வேலை, குளிர் மட்டும் கூடுதல். ஜெனிஷா சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும். "கழுவுற வேலையே இல்லாத ஊரா ஒண்ண ஆண்டவர் அண்ணனுக்காகப் புதுசாப் படைக்கணும்" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. "முடியலேன்னா வீட்டுக்கு வந்துடச் சொல்லு, ஊர் பேசுறத நான் பாத்துக்கறேன், ஆனா பிரான்சு ஆசைக்கு ஆண்டவர் பேர இழுக்க வேணாம்" என்றார்.

உன் புலம்பலுக்கு நடுவில் ஒன்று சொன்னாய், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு உன்னை அனுப்பினார்களாம், ஜெபம் சொல்ல அவர்கள் பாஷை வராததால் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாயாம். மறுநாள் அவள் புருஷன் வந்து வேறு யாரையும் கேட்காமல் உன்னைத்தான் கேட்டானாம். ஒரு வார்த்தை பேச முடியாமல் அவமானமாகப் போய்விட்டது என்று அதையும் குறையாகத்தான் சொன்னாய். மடப்பயலே, நீ வாய் திறக்காத அன்றைக்குத்தான் ஒரு மனிதன் உன்னைத் தேடி வந்திருக்கிறான். திரும்பப் போனாயா என்று கேட்டேன், "அன்னைக்கு எனக்கு தியானம் இருந்துச்சும்மா" என்றாய். அதோடு நான்தான் போனை வைத்தேன், சிக்னல் போனதாக நீ நினைத்திருப்பாய்.

இருப்பதும் வருவதும் உன் இஷ்டம், எதுவானாலும் உனக்கு இங்கே சோறு உண்டு, தட்டை நீதான் கழுவ வேண்டும். ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் உடம்புக்குச் சுகமும் தரட்டும், மாதா உன்கூடவே நடக்கட்டும். கொசுவலை கட்டிப் படு. பதில் எழுதும்போது உன்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அம்மா சலோமி செல்வநாதன்