கோழிகள் தின்ற பங்கு

ஓடென்ஸ,
22 ஏப்ரல் 1993

அன்பு மகள் மாரெனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம், அந்த முழங்காலும் வானொலியைவிடச் சரியாக மழை சொல்கிறது என்பதால் குறைசொல்வதற்கில்லை. நீயும் துரோல்ஸும் அந்த கிரீன்லாந்துக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிமேல் சொல்லப்போவதைக் கோபப்படாமல் உட்கார்ந்து படி. நீ போகாதே என்று சொன்ன இடத்துக்கு நான் போய்விட்டு வந்தேன். ஆமாம், துரோல்ஸ் பிறந்த தீவுக்கேதான். உங்கள் கல்யாணத்துக்கு அவன் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள், அவன் அப்பா எய்னார் மகனையே தலைமுழுகிவிட்டார், அந்தப் பேச்சையே எடுக்காதே என்று போனில் சொன்னாய். சொன்னால் சும்மா இருந்துவிடுவேனா? பெண்ணைக் கொடுக்கிறவள் சம்பந்தியின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாதா? ஐந்து வருடமாகப் பெற்ற மகனோடு பேசாத மனிதர் எப்படித்தான் இருப்பார், காலையில் எழுந்து என்னதான் செய்வார் என்று எனக்கு ஒரே குடைச்சல். ஸ்வென்போர்கில் பல் வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படகேறிவிட்டேன். மூன்று நாள் என்ன பல் வைத்தியம் என்று அவர் கேட்கவே இல்லை, உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே.

எய்னார் வீட்டுக்கு எதிர்வீட்டில் தோரா என்ற அம்மாள் அறை வாடகைக்கு விடுகிறாள், அங்கே தங்கினேன். நல்ல மனுஷி, ஆனால் வாய் இருக்கிறதே வாய், தேவாலய மணி தோற்றுவிடும். சும்மா காற்று வாங்க வந்தேன் என்றேன். "ஏப்ரல் மாசத்துலயா? இங்க நாம காத்து வாங்க முடியாதும்மா, காத்துதான் நம்மளத் தூக்கிட்டுப் போகும்" என்றாள். அந்த மூன்று நாளும் நான் தெருவில் ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு ஜன்னல் திரையும் அசைந்ததைப் பார்த்தேன். மறுநாள் காலை சீஸ் வாங்குகிற சாக்கில் எய்னாரின் சீஸ் கூடத்துக்குப் போனேன். ஆள் உத்தரத்தில் தலை இடிக்கிற உயரம், துரோல்ஸுக்கு இருப்பது போலவே பெரிய காது. அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த சீஸை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார், நான் வணக்கம் சொன்னதற்கு அந்த வரிசை முடிந்த பிறகுதான் பதில் வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "நனைஞ்சிட்டுப் போய் எங்க ஊர்ப் பேரக் கெடுக்காதீங்க, உள்ள வாங்க, காப்பி இருக்கு" என்றார். உள்ளே போனேன்.

மாரென், இங்கேதான் உன் அம்மா கெட்ட காரியம் செய்தாள். மேஜையில் ரொட்டியும் முள்ளங்கியும் சீஸும் வைத்தார். அந்தச் சீஸைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது, ஒரு பக்கம் அடிவரைக்கும் சரிந்து கிடக்கிறது, மறுபக்கம் மேடாக நிற்கிறது. சரிவாக வெட்டியதற்காக நீ சின்ன வயதில் என்னிடம் எத்தனை திட்டு வாங்கியிருப்பாய்! பாவம், தனியாக இருக்கிற மனிதர், சொல்லித்தர ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் காப்பிப் பானையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் என் கை சும்மா இருக்குமா, சீஸ் சீவுகிற கம்பியைப் பிடித்து அந்த மேட்டை நாலே இழுப்பில் சமமாக்கி ரொட்டியில் வைத்துத் தின்றும்விட்டேன். அருமையான சீஸ், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் திரும்பினார். சீஸைப் பார்த்தார். பானையைக் கீழே வைத்தார். மழையிலேயே வெளியே போய்விட்டார். நான் வாயில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

தோராவிடம் ஓடிவந்து சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, அது துரோல்ஸ் பக்கம்டி!" என்றாள். பிறகுதான் விவரம் வந்தது. எய்னார் வலது கைக்காரர், துரோல்ஸ் இடது கைக்காரன். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவரை ஒருவர் வெட்டிய சரிவை மற்றவர் வெட்டு நிரவிவிடும், சீஸ் கடைசிவரை சமமாகவே குறையுமாம். இந்தச் சீஸ் நாற்றத்தில் என்னால் வாழமுடியாது என்று சொல்லி அவன் கிளம்பிய நாளிலிருந்து எய்னார் தன் பக்கத்தை மட்டும் வெட்டுகிறார். மறுபக்கத்து மேட்டை அவரும் தொடுவதில்லை, வேறு யாரையும் தொட விடுவதில்லை. தன் பக்கம் தீர்ந்ததும் மிச்சத்தைக் கொண்டுவந்து தோராவிடம் கொடுத்துவிடுவாராம். "அஞ்சு வருஷமா துரோல்ஸ் பங்க என் கோழிங்கதான் தின்னுது. நான் ஏன்னு கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மாரென். தலைமுழுகிய மகனுக்கு யாராவது தினமும் பங்கு வைப்பார்களா?

மறுநாள் போய், செய்தது தப்பு என்றேன், நான் யார் என்பதையும் சொல்லிவிட்டேன். "நீங்க யாருன்னு நேத்தே தெரியும். சீஸ் வாங்க வர்றவங்க செவுத்துல இருக்குற பையன் போட்டோவ அவ்வளவு நேரம் பாக்கமாட்டாங்க" என்றார். ஜூன் பன்னிரண்டாம் தேதி கிரீன்லாந்தில், நூக் நகரத்தில் கல்யாணம், நீங்கள் வரவேண்டும் என்றேன். சீஸைத் திருப்பிக்கொண்டே, "அவன் கூப்பிட்டானா?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை, கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் தாங்கமாட்டான், அந்தப் பயம்தான் என்றேன். அவர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்து அங்கிருந்த சீஸைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று படகு முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன், "பல்லு சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. யாரோ விளையாடுகிறார்கள் என்று வைக்கப் போனேன், அதற்குள் ஒரு கனைப்பு. எய்னார்தான், தோராவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். வணக்கமும் இல்லை, நல விசாரிப்பும் இல்லை. "ஜூன் மாசம் அங்க ஐஸ் இருக்குமா? என்ன செருப்பு போடுவாங்க?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம், நீ எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால், எனக்கென்ன தெரியும், அங்கே இருக்கிறவனைக் கேளுங்கள் என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

கோழி விஷயத்தை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், அழகாக இல்லை என்று அலமாரியில் போட்டுவிடாதே. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. உங்கள் போன் அடித்து, எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே இல்லாமல் மூச்சு மட்டும் கேட்டால், வைத்துவிடாதே. துரோல்ஸைக் கூப்பிட்டுக் கையில் கொடு, அவனையும் வைக்க விடாதே. அவருக்கு ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கெர்தா