பூசைக்குக் கழுவிய துப்பாக்கி

மாமா, இன்று ஆயுத பூசை. நம் மகன் லாரி ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வந்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அந்த வருஷப் பூசையன்றைக்கும் விடிந்ததும் நீங்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டீர்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி. பல மாதமாகச் சுடவே இல்லை. குழாய்க்குள் துருவும் தூசியும்தான். "போதும் உடுங்க மாமா, வெளிய தொடைச்சா சாமி ஏத்துக்காதா?" என்றேன். கேட்டால்தானே! கம்பியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றி, உள்ளே பளபளவென்று ஆகும்வரை தேய்த்தீர்கள்.

மத்தியானம் சேதி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரை ராத்திரி யாரோ சுட்டுப்போட்டிருந்தார்கள். வரப்புத் தகராறில் அவரோடு உங்களுக்குப் பேச்சில்லை என்பது ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து குழாயை முகர்ந்து பார்த்தார்.

"எப்பக் கழுவின?"

"காலையிலதானுங்க. பூசைக்குங்க."

"ராத்திரி சுட்டுட்டுக் காலையில பூசையா?"

ஏர் முதல் அரிவாள்வரை அன்று ஊரே கழுவித்தான் வைத்திருந்தது. அதை யார் கேட்டார்கள்?

துப்பாக்கி சோதனைக்கு மதராஸுக்குப் போனது. குண்டில் குழாயின் கீறல் பதிந்திருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். இது வழவழப்பான குழாய், ரவைக் குண்டில் கீறல் விழாது என்று பதில் வந்தது. உள்ளே பழைய துரு இருந்திருந்தால் பல நாளாகச் சுடவில்லை என்றாவது எழுதியிருப்பார்களாம். இந்தத் துப்பாக்கிதான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். ஊரில்தான் விடவில்லை. "கழுவிட்டுத் தப்பிச்சுட்டான்" என்று டீக்கடையில் உங்கள் காதுபடவே பேசினார்கள். "அந்தத் துருவை உட்டிருந்தா அதே பேசியிருக்கும் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோனீர்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது மாமா, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் கருமாதி முடிந்த மறுநாள் செத்தவரின் சம்சாரம் வந்து வாசலிலேயே நின்றாள். "அவரும் போயிட்டாருங்க அக்கா. இனி யாரை என்ன பண்ணப்போறாங்க? இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லுங்க."

"சத்தியமா அவரில்லை சாமி. அன்னைக்கு ராத்திரி எம்பக்கத்துலதான் படுத்திருந்தாரு."

"நீங்க வேற எப்பிடிங்க சொல்லுவீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டு நிறுத்தி நான் வேறு எதைக் காட்டுவது? அன்றிரவு நீங்கள் தூங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். உயிர் இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். நம்பத்தான் ஆளில்லை, மாமா.