ரோஜாவின் பில்லில் வந்த நோய்

பெங்களூரு

அன்புள்ள அம்சாவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? திண்டிவனத்தில் மழை உண்டா?

விழுப்புரத்தில் நம் மகள் ரோஜாவின் ஆஸ்பத்திரி பில்லில் மேகநோய் என்றிருப்பதைப் பார்த்து, "மாசமா இருக்கறவ இன்னா சீக்கை இட்டுக்கினு வந்திருக்கா?" என்று சம்பந்தியம்மா கேட்டதாகச் சொன்னாய். மாப்பிள்ளை ஆரோக்கியராஜ் ரோஜாவோடு பேசுவதில்லை என்றாயே, அதுதான் எனக்குப் பயம். அவரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தப் பால்வினை நோய் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பரிசோதித்துப் பார்த்ததற்கு பில்லில் ஒரு குறியீட்டு எண், நோய் இருந்தால் வேறு எண். பில் போட்டவர் எண்ணை மாற்றிவிட்டார். பரீட்சை எழுத வந்த பிள்ளையையே ஃபெயில் என்று குறித்தது போல. வாத்தியாராக இருந்தவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இங்கே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீசிலும் போன வாரம் ஒரு பெண் இதே தவறைச் செய்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டுச் சிரித்தாள். அதை நான் திருத்தினேன். இதற்கு என் கை எட்டவில்லை.

கடிதம் கிடைத்ததும் விழுப்புரம் போ. மாப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் பில்லைத் திருத்தி வாங்கு. ரோஜாவுக்கு மல்லாட்டை உரித்துக் கடலையை வறுத்துக் கொண்டு போ. எனக்கும் கொஞ்சம் அனுப்பு. இங்கே வாங்கித் தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை.

நோய் இல்லை என்ற ரிசல்ட்டை ரோஜா படமெடுத்து அனுப்பியிருந்தாள். அதைத் திறக்கும் முன்பே அப்பாவுக்குத் தெரியும் என்று அவளிடம் சொல். ஆபீஸ் வேன் வந்துவிட்டது.

உன்
தேவசகாயம்