குடிக்காமல் வைத்த கோப்பை

மார்ச் 4, திங்கள்

இன்று ஒரு பிழை செய்தேன். ஆவணப்படத்துக்காக உம்மு ஸாஹிர் வீட்டுக்குப் போனவள், கேமராவைச் சரிசெய்யும் மும்முரத்தில் அவர் தந்த காபியைத் தொடாமல் கீழே வைத்துவிட்டேன். அதற்கு என்ன பொருள் என்று தெரியாதவளா நான்? எங்கள் வழக்கப்படி, ஏதோ வேண்டி வந்த விருந்தாளிதான், தருகிறோம் என்று வீட்டார் சொல்லும்வரை குடிக்காமல் இருப்பார்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "சரி, தந்தாச்சு. குடி. என்ன வேணும் சொல்லு," என்றார்.

வாய் முந்திக்கொண்டது. நாற்பத்தெட்டு வருடம் முன்பு அவர் கடத்திய விமானத்தில் செத்துப்போன பயணியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் அகதி முகாமுக்கு அவர் வீராங்கனை, வெளியே பலருக்குக் கொலைகாரி. அந்த மனிதன் துப்பாக்கி எடுத்தான் என்றுதான் அவரை அனுப்பிய இயக்கம் இன்றுவரை சொல்கிறது.

"துப்பாக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சட்டைப்பையில மூக்குக்கண்ணாடியத் தேடினான். நான் சுட்டுட்டேன்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 9

தூக்கமில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 12

உம்மு ஸாஹிரே சொல்லியிருக்கிறார் போல, அவர் மகன் ஸாஹிர் போன் செய்தான். "எங்கம்மாவ விக்கிறியா? அந்த இடத்த வெட்டு. இல்லேன்னா முகாமுக்குள்ள கால் வைக்காத." மிரட்டினானா, கெஞ்சினானா? குரல் உடைந்திருந்தது.

மார்ச் 13

வெட்டிவிட்டேன். ஸாஹிருக்கும் சொல்லிவிட்டேன். பயந்தாங்கொள்ளி — வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

நாளை திரையிடல். மதியம் உம்மு ஸாஹிரே வந்து நிற்கிறார், கைத்தடியோடு மூன்று மாடி ஏறி! அம்மா காபி கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தார். ஆக, ஏதோ கேட்க வந்திருக்கிறார். படத்தையே நிறுத்தச் சொல்லப்போகிறார்.

ஒன்றும் தெரியாத அம்மா, "எதுவானாலும் தந்தாச்சு, குடிங்க," என்றுவிட்டாள். அடிப் பாவி, என்ன காரியம் செய்தாய்!

அவர் என்னைப் பார்த்தார். "வெட்டினத திரும்ப ஒட்டு. அவன் கண்ணாடிதான் தேடினான்னு நான் சாகறதுக்குள்ள நாலு பேருக்குத் தெரியணும்."

"உங்கள என்ன சொல்லுவாங்களோ, உம்மு ஸாஹிர்..."

"சொல்லட்டும். உங்கம்மா வாக்குக் கொடுத்தாச்சு."

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

மார்ச் 16

ஒட்டினேன். திரையிட்டோம். ஸாஹிர் பாதியில் எழுந்து போனான். விளக்கைப் போட்டபோது உம்மு ஸாஹிரைச் சுற்றி எல்லா நாற்காலியும் காலி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.