இருபத்திரண்டாவது குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் ஊர் தாலெக்குவாவில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாஷ்வில்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தார் எல்லோரையும் பழைய ஆளுநர் ஒருவரின் பண்ணை மாளிகைக்கு அழைத்துப் போனார்கள். இப்போது அது அருங்காட்சியகம். அந்தக் காலத்தில் வாக்கை வாய்விட்டுத்தான் சொல்வார்களாம். வழிகாட்டி எங்களையும் வரிசையாக நிறுத்தி விளையாட்டாக ஓட்டுக் கேட்டார். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் செரோக்கிப் பழங்குடிகளை அப்புறப்படுத்தி, நிலத்தைக் குடியேறிகளுக்குக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

நம்மைத்தான், அப்பா. நான் எந்த இனம் என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மற்ற இருபத்தொரு பேரும் சிரித்துக்கொண்டே "கொடுக்கலாம்" என்றார்கள். என் முறை வந்தபோது சுவரில் இருந்த பழைய வரைபடத்தில் அந்த ஆற்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் சொல்லும்மா, சாப்பாடு ஆறுது" என்றார் மேலாளர் டார்லா.

"இவ ஓட்டு இல்லன்னா நாடே கவுந்துடும் போல" என்றான் பக்கத்தில் நின்ற கைல்.

நானும் "கொடுக்கலாம்" என்றேன்.

"எதிர்ப்பே இல்ல. அந்தக் காலத்துலகூட இவ்வளவு சுலபமா முடியலங்க" என்று வழிகாட்டி கை தட்டினார்.

கனுச்சிக் கஞ்சிக்கு இடித்த கொட்டை உருண்டை இருந்தால் நாலைந்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நம் மொழியிலேயே பேசுங்கள். எனக்குப் புரியாவிட்டாலும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் பட்டதாரி மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எல்லோரோடும் ஒத்துப்போகிறாள் என்று டார்லா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவசரத்தில் முடிக்கிறேன்,
லெனோரா