வாசலுக்கு எதிரே ஒரு சுவர்

1974 மே 6

அண்ணன் விடுமுறைக்கு வந்ததிலிருந்து கூடத்துத் தரை முழுக்கத் தாள்கள். கால் வைக்க இடமில்லை. அமலோற்பவம் அத்தை சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போகிறாள்.

"ஏலே வளன், மெட்ராஸ்ல இத்தன வருசமா வீடு வரையவா படிக்க? சங்கரபாண்டியன் கொத்தனாரு கரித்துண்ட வச்சு தரையிலயே வரைஞ்சிருவாரே."

"அவரு வரைஞ்சா அது வீடு, அத்தை. நான் வரைஞ்சா ஆர்க்கிடெக்சர்."

"அப்ப அதுல குடியிருக்க முடியாதாக்கும்."

அத்தையின் மனையில் அப்பா வீடு கட்டப் போகிறார். அதைத்தான் வரைகிறான். கல்லூரியிலும் அதையே கொடுக்கப் போகிறானாம்.

மே 9

அண்ணன் பென்சிலில் போட்டதன் மேல் மெல்லிய தாளை விரித்து, மை தொட்டு அப்படியே எடுக்க வேண்டும். இன்று எனக்கு அந்த வேலை. கோடு பிசகினால் பிளேடால் சுரண்டலாம். நான் ஒன்றுகூடச் சுரண்டவில்லை.

"என் கையைவிட உன் கை நிக்குது. நீ ஏன்ளா பள்ளிக்கூடத்த விட்ட?" என்றான்.

அவனுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். எல்லாம் தெரிந்த பாடம். வாய் திறக்கவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அம்மா இருந்திருந்தால் அடித்தாவது அனுப்பியிருப்பாள். எங்களை வளர்த்த அத்தைக்கு அடிக்க மனம் வரவில்லை. அப்பா சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். பாதி நாள் கொழும்புக் கடலில்.

மே 14

"புது வீட்டுல உனக்கு என்ன வேணும்?" என்று அண்ணன் கேட்டான். என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உடனே சொல்ல வரவில்லை. சாயங்காலம் அவன் டீ குடிக்கும்போது சொன்னேன்: வாசல் திறந்திருந்தாலும் தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்காமல் இருக்க வேண்டும்.

இந்த வீட்டில் கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தெருவுக்குத் தெரியும். யாராவது திரும்பிப் பார்த்தால் முறத்தோடு எழுந்து அடுப்படிக்கு ஓடுவேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்து, வாசலுக்கு எதிரே கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு சுவரைப் போட்டான். உள்ளே வருகிறவர் அதைச் சுற்றி இடப்பக்கம் திரும்பிக் கூடத்துக்கு வர வேண்டும்.

"காத்து வரும், கண்ணு வராது. போதுமாளா?"

மே 15

அந்தச் சுவருக்கு நான்தான் மை போட்டேன்.

ஜூலை 28

அண்ணனிடமிருந்து கார்டு. வகுப்பிலேயே நம் வீட்டுக்குத்தான் அதிக மார்க்காம். பேராசிரியர் சுவருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் 'மிக நன்று' என்று எழுதினாராம்.

கொத்தனார் காலையில் அப்பாவிடம் கேட்டார்: "அண்ணாச்சி, திருப்பம் நெருக்கமா இருக்கே. கட்டில் போவுமா?"

"கழத்திக் கொண்டு போயிக்கிடலாம். பிள்ள படிச்சுல்லா வரைஞ்சிருக்கான்." அப்பா அதைச் சொன்னபோது குரலில் ஒரு மிதப்பு.

நவம்பர் 24

மாதா கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். குடிவந்துவிட்டோம்.

"உள்ள வாரதுக்கு ஒருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும் போலுக்கே" என்று அத்தை காலையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மத்தியானம் பார்க்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது, கூடத்தின் நடுவில் முக்காடு இல்லாமல் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மாமா இறந்ததிலிருந்து அவள் தெரு பார்க்கத் தலை திறந்து இருந்ததே இல்லை. முடி இவ்வளவு வெள்ளை என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை.

1975 ஜனவரி 11

அத்தை போய்விட்டாள். விடியற்காலை நெஞ்சு அடைக்கிறது என்றாள். டாக்டர் வருவதற்குள்.

ஜனவரி 13

அடக்கத்துக்குக் கோயிலிலிருந்து தூம்பா வந்தது. ஊரில் யார் இறந்தாலும் அந்த ஒரே மரப்பெட்டிதான். வீட்டுக்குள் கொண்டு வந்து, கூடத்தில் வைத்துக் கிடத்தி, செபம் சொல்லி, தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அதுதான் முறை.

வாசலில் நுழைந்தது. சுவரில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள். தலைப்பக்கம் உயர்த்திப் பார்த்தார்கள். திரும்பவில்லை. பின்பக்கம் கிணற்றடியோடு சரி, அதற்கப்புறம் அடுத்த வீட்டுச் சுவர்.

"ஏலே, இது வீடா, எலிப்பொறியா?" என்று யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எங்க ஆளுக பாடைய வாசல்லதான கட்டுவோம். எனக்கு இது தோணவே இல்லையே அண்ணாச்சி" என்று கொத்தனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கையை உருவிக்கொண்டார்.

கடைசியில் பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டார்கள். அத்தையைப் போர்வையில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வெளியே கொண்டு போனார்கள். திருப்பத்தில் போர்வை ஒருபக்கம் சரிந்தது. முக்காடு விலகிவிட்டது. வாசலைத் தாண்டியதும் அந்த வெள்ளை முடியைத் தெருவே பார்த்தது. ஞானசௌந்தரி சித்தி, "கடல்ல கெடந்தவள எடுத்துட்டுப் போற மாதிரில்லா கொண்டு போறாவ" என்று அழுதாள்.

நான் ஓடிப்போய் இழுத்து மூடியிருக்கலாம். இரண்டு எட்டுதான். வெளியே அத்தனை பேர் நின்றார்கள். நான் சுவருக்குப் பின்னாலேயே நின்றேன்.

ஜனவரி 16

கொத்தனார் வந்து சுவரை இடித்துவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த அண்ணன் மெட்ராஸுக்குத் திரும்பப் பெட்டி கட்டினான். அப்பா வாசலில் நின்றுகொண்டு, "எங்கலே போற?" என்றார். "செத்தவ வெளிய போக வழி விடத் தெரியல. நீ ஊருக்கு வீடு கட்டப் போறியாக்கும். படிச்சது போதும்."

அண்ணன் கட்டிய பெட்டியைக் கீழே வைத்தான். சுவரைக் கேட்டது யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

இல்லை, பொய். திரும்பியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜனவரி 22

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 29

அப்பா தோணியேறிவிட்டார். சோறு கட்டிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. என் வாய்க்கு என்னதான் வந்தது?

பிப்ரவரி 17

அண்ணன் புதுத் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் மேற்பார்வை வேலைக்குப் போகிறான். சிமெண்ட் படிந்த சட்டையைத் துவைக்கத் துவைக்கத் தண்ணீர் சாம்பலாகவே வருகிறது.

மார்ச் 18

அப்பா வந்தார். குளித்து, சாப்பிட்டு, சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"என்னளா?"

"அந்தச் சுவர் நான்தான் கேட்டேன்."

"எந்தச் சுவரு?"

தரையில் சுவர் இருந்த இடம் இன்னும் தழும்பு மாதிரி தெரிகிறது. அதைக் காட்டினேன். "தெருவில போறவுக உள்ள பாக்காவன்னு... அண்ணன்கிட்ட நான்தாம்பா கேட்டேன்."

எழுந்து போய் அதைக் காலால் தடவிப் பார்த்தார். "படிச்ச திமிருல போட்டுட்டான்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லிருந்தா அவன அனுப்பிருப்பேனே" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 19

"யாரு உன்னயச் சொல்லச் சொன்னா?" அண்ணனுக்குக் கோபம். பிறகு தணிந்து சொன்னான்: "யாரும் எதுவும் கேக்கலாம் பிலோமி. வரையுறவன்தான் யோசிக்கணும். எத்தன அடக்கத்துக்குத் தூம்பாவுக்குத் தோள் கொடுத்திருக்கேன். கோடு போடும்போது தோணலையே."

அப்பா வற்புறுத்தி ராத்திரி வண்டிக்கு அனுப்பி வைத்தார்.

மார்ச் 24

திரும்பி வந்துவிட்டான். இத்தனை நாள் வராததால் இந்த வருடப் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். மறுபடி அதே வகுப்பில், சின்னவர்களோடு உட்கார வேண்டுமாம்.

"உக்காரேம்லே. ஒரு வருசம்தான" என்றார் அப்பா.

"வேண்டாம்பா. காண்டிராக்டர் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாரு." அவ்வளவுதான் சொன்னான். ஜனவரியில் நான் வாய் திறந்திருந்தால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

மே 3

மெட்ராஸ் ஹாஸ்டலிலிருந்து அண்ணனின் சாமான்களைச் சினேகிதன் ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறான். பெரிய மரப்பெட்டி, மேலே கயிற்றால் கட்டிய வரைபலகை. இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். வாசலில் நுழைந்து, எங்கும் இடிக்காமல் நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டது.

"எங்கனம்மா வைக்க?"

தெருவில் பிள்ளைகள் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரியும் பார்த்தாள். அப்பா தோணியடிக்குப் போயிருந்தார். நான்தான் நின்றேன். "இங்கன வைங்க" என்றேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பெட்டியைப் பார்த்தான். கயிற்றை அவிழ்க்கவில்லை. சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.